அலகில்லாத கழுகு

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. எனக்கு வயது 47. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 19 வருடம் வேலை பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டு, பிரிவையே மூடுகிறோம் என்றார்கள். பேசி முடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

அன்றிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. போன ஞாயிறு சபையில் கழுகைப் பற்றிய செய்தி. 40 வயதில் கழுகு மலையுச்சிக்குப் போய், தன் அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களையும் சிறகுகளையும் பிடுங்கிப்போட்டு, ஐந்து மாதம் காத்திருந்து புதிதாகிறதாம். பிறகு இன்னும் 30 வருடம் வாழ்கிறதாம். ஆராதனை முடிந்ததும் ஒரு அக்கா வந்து, “உன் பழைய சிறகுகளைப் பிடுங்கிப்போட உனக்கு மனசில்லை, அதனால்தான் தேவன் தாமதிக்கிறார்” என்றார். இதே கதையை என் தோழி கணவரை இழந்தபோது நானே அவளுக்கு வீடியோவாக அனுப்பியிருக்கிறேன். இப்போது எனக்கே சொல்லும்போது கோபம் வருகிறது.

இது தேவசித்தமா, நிறுவனத்தின் கணக்கா? கோபப்படுவது அவிசுவாசமா? வேறு சபைக்குப் போகலாமா? நான் பிடுங்க வேண்டிய சிறகு எது?

ர.

அன்புள்ள சகோதரி,

அம்மாவின் வேதப்புத்தகத்துக்குப் புது அட்டை போடக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வாரமாக மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறேன். கொடுக்கவில்லை. தினமும் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைக்கிறேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் உங்கள் கடிதத்தை வாசித்தேன். கழுகு என்ற சொல்லைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. மன்னியுங்கள், உங்களைப் பார்த்து அல்ல.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். சபை மாறுவது பற்றி: போங்கள், அல்லது இருங்கள். வேலை போன மாதத்தில் அதை முடிவு செய்யாதீர்கள், அவ்வளவுதான். கோபம் அவிசுவாசமா? இல்லை. 88ஆம் சங்கீதத்தை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். முறையீட்டில் தொடங்கி முறையீட்டிலேயே முடிகிறது. கடைசியில் ஆறுதலாக ஒரு வரி சேர்த்துவிடலாம் என்று தொகுத்தவர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

தேவசித்தமா, நிறுவனத்தின் கணக்கா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அந்த அக்காவுக்கு நிச்சயமாகத் தெரியாது. அண்ணன்மாரே குழியில் தள்ளிய யோசேப்பின் கதை தொடங்கும் இடத்தில் அவனுக்கு வயது 17. பார்வோன் முன்னால் நிற்கும்போது 30. அப்புறம் செழிப்பில் 7 வருடம், பஞ்சத்தில் 2 வருடம். “நீங்கள் அல்ல, தேவனே என்னை இவ்விடத்துக்கு அனுப்பி” என்று அண்ணன்மாரிடம் அவன் சொல்லும்போது 39 ஆகியிருக்கும். குழிக்குள் கிடந்தபோது அப்படி எதுவும் சொன்னதாக எழுதப்படவில்லை. அன்று அவன் கெஞ்சினான், நாங்கள் கேட்காமல்போனோம் என்று அண்ணன்மாரே பின்னால் ஒப்புக்கொள்கிறார்கள். அவனுக்கு 22 வருடம் கழித்து விளங்கியதை நீங்கள் மூன்றாவது வாரத்திலேயே எழுதிக் கேட்கிறீர்கள்.

இனி கழுகு. இதை லேசில் விட எனக்கு மனமில்லை.

அந்தக் கதையில் ஒரு வரிகூட உண்மை கிடையாது. காட்டில் வாழும் பெரிய கழுகுகளுக்கு 20, 30 வருடம் என்பதே நல்ல ஆயுள். 70 வயதெல்லாம் பிரசங்கத்தில் மட்டும்தான். அலகு என்பது எலும்பின்மேல் கெரட்டின் போர்த்தியது. நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருள். அந்த மேல்போர்வை தேயத் தேய வளர்ந்துகொண்டிருக்கும். உள்ளே எலும்போடு உடைந்தால் கதை வேறு. 2005இல் அலாஸ்காவில் ஒரு வெண்தலைக் கழுகு, சுடப்பட்டு மேல் அலகு சிதைந்த நிலையில் கிடைத்தது. தானாக இரை தின்ன முடியவில்லை, தண்ணீர் குடிக்க முடியவில்லை. மனிதர்கள் கையால் ஊட்டிக் காப்பாற்றினார்கள். 2008இல் செயற்கை அலகு செய்து பொருத்திப் பார்த்தார்கள். அதை ஐந்து மாதம் மலையுச்சியில் விட்டிருந்தால் புதிதாகியிருக்காது, செத்துப்போயிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஆராய்ச்சியும் தேவைப்படவில்லை. என் அம்மா ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டாள்.

12 வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் அம்மாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. வகுப்பின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரலில் வாழ்நாளெல்லாம் பாடம் நடத்திய வாய். தண்ணீரைக் கரண்டியில் எடுத்து, கோணாத பக்கமாகப் பார்த்து விட வேண்டும். பாதி உள்ளே போகும், பாதி தாடையில் வழியும். துண்டை மடித்துக் கையிலேயே வைத்திருப்பேன். அவசரப்பட்டால் புரையேறும். ஒரு தம்ளர் தண்ணீருக்கு முக்கால் மணி நேரம் ஆன நாட்கள் உண்டு.

அப்போது பார்க்க வந்த ஒரு ஊழியர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இந்தக் கழுகுக் கதையைச் சொன்னார். நல்ல மனிதர், கண் கலங்கித்தான் சொன்னார். “தேவன் உங்களைப் புதிதாக்கப்போகிறார் அம்மா, நீங்கள்தான் பழையதை விட்டுக்கொடுக்க வேண்டும்” என்றார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக, குழறிக் குழறிக் கேட்டாள்:

“அலகில்லாம... அஞ்சு மாசம்... அது என்னத்தத் தின்னும்?”

அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். ஜெபித்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் போனதும் அம்மா இடது கையால் வேதத்தைக் காட்டினாள். மடியில் வைத்தேன். அந்த மெல்லிய தாள்கள் இடது கைக்குப் பழக்கமில்லை. ஐந்தாறு பக்கம் சேர்ந்து புரண்டது. நான் கையை நீட்டினால் தட்டிவிட்டாள். கடைசியில் 103ஆம் சங்கீதம் வந்தது. ஐந்தாம் வசனத்தில் விரலை வைத்தாள். “கழுகுக்குச் சமானமாய் உன் வயது திரும்ப வாலவயதுபோலாகிறது” என்று நான் மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தேன். தலையை ஆட்டினாள். விரல் அதற்கு முன்பாதியில் இருந்தது. “நன்மையினால் உன் வாயைத் திருப்தியாக்குகிறார்.” அதைக் காட்டிவிட்டுத் தன் கோணிய வாயைத் தொட்டாள்.

சின்ன வயதிலிருந்து அந்த வசனத்தைச் சொல்லிவருகிறேன். கழுகு வருகிற பாதிதான் எனக்குத் தெரிந்திருந்தது. முன்பாதியில் தேவன் வாயை நிரப்புகிறார். கதையிலோ பறவை தன் வாயையே உடைத்துக்கொள்கிறது.

அதன் பிறகுதான் இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். வேடிக்கை என்னவென்றால், பழைய கதைகள் இதைவிட மேல். முதுமையில் கழுகின் மேல் அலகு வளைந்துகொண்டே போய் அது பட்டினியால் சாகிறது என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். 4ஆம் நூற்றாண்டில் பிறந்த அகஸ்டின் இந்தச் சங்கீதத்தை விளக்கும்போது, வளர்ந்து வாயை அடைத்துவிட்ட அலகைக் கழுகு பாறையில் தேய்த்துக் குறைத்துக்கொள்கிறது என்றார். அந்தப் பாறை கிறிஸ்து என்றார். அதுவும் பறவையியல் கிடையாதுதான். ஆனால் அது எதற்காகத் தேய்க்கிறது? மறுபடி தின்பதற்காக. ஆதித் திருச்சபைக் காலத்துக் கிரேக்க நூலான பிசியோலோகஸில் வேறு கதை: கிழட்டுக் கழுகு சூரியனை நோக்கிப் பறந்து, பார்வை மங்கலும் பழைய சிறகும் எரிந்துபோக, கீழே வந்து நீரூற்றில் மூன்று முறை முழுகி எழுகிறது. ஞானஸ்நானத்தைச் சொல்கிறார்கள் என்பது குழந்தைக்கும் புரியும். அங்கே சூரியன் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. நமக்கு வந்து சேர்ந்த வீடியோவில் சூரியனும் இல்லை, ஊற்றும் இல்லை, பாறைகூட வெறும் பாறை. பறவையும் அதன் மனவுறுதியும் மட்டும் பாக்கி. கிறிஸ்துவை எடுத்துவிட்டாலும் கதைக்கு ஒரு குறையும் வருவதில்லை. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் ஒரு சொல் மாற்றாமல் இதைச் சொல்வது அதனால்தான். இதைத்தான் நாம் பிரசங்க பீடத்தில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

(எபிரேய மூலத்தில் உள்ள ‘நெஷெர்’ என்ற சொல் பிணந்தின்னிக் கழுகையும் சேர்த்தே குறிக்கும். மீகா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் “கழுகைப்போல முழுமொட்டையாயிரு” என்று வருகிறதே, மொட்டைத்தலை அதற்குத்தான் பொருந்தும். இதைச் சபையில் சொன்னால் யாரும் ஆமென் சொல்வதில்லை.)

கழுகு புதிதாவது நிஜம்தான். எப்படி என்று கேளுங்கள். இறகு வளர்ந்து முடிந்ததும் செத்த பொருள். ஒடிந்தால் ஒட்டாது, மாற்றித்தான் ஆக வேண்டும். அடியில் புதிய இறகு முளைத்து, பழையதைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. வாத்துகள் பெரும்பாலும் சிறகிறகுகளை ஒரேயடியாக உதிர்த்துவிட்டுச் சில வாரம் பறக்க முடியாமல் கிடக்கும். கழுகு அப்படியில்லை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று உதிர்க்கும். பெரிய கழுகுகளுக்கு எல்லா இறகும் மாறி முடிய ஒரு வருடத்துக்கு மேலாகும். அத்தனை நாளும் அது பறந்துகொண்டும் இரை தேடிக்கொண்டும்தான் இருக்கிறது. கூர்ந்து பார்த்தால் சிறகில் இடைவெளி தெரியும். முளைக்கிற இறகுக்குள் இரத்தம் ஓடும்; பிடுங்கினால் கொட்டும். இறகு முளைக்கும் குழி சேதப்பட்டால் அங்கே மறுபடி சரியாக முளைக்காமலே போகலாம்.

ஆகவே, எந்தச் சிறகைப் பிடுங்குவது என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள் அம்மா. உங்கள் 19 வருடத்தைக் குப்பை மாதிரி நீங்களே பிடுங்கி எறிந்தால்தான் தேவன் அடுத்ததைத் தருவார் என்று யார் சொன்னது? “உள்ளான மனுஷனானது நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது” என்று பவுல் எழுதுகிறார். ‘ஆக்கிக்கொள்கிறது’ என்று இல்லை, ‘ஆக்கப்படுகிறது’. ஒரே ராத்திரியில் என்றும் இல்லை. அதே வசனத்தில், ஒரு மூச்சு முன்னால், புறம்பான மனுஷன் அழிந்துகொண்டிருக்கிறான். இரண்டும் ஒரே ஆளுக்குள், ஒரே சமயத்தில். ஜெபத்தில் வார்த்தை வரவில்லை என்கிறீர்கள். வராவிட்டால் போகட்டும், உட்கார்ந்திருங்கள். பேசாமல் உட்கார்ந்திருப்பதற்கும் நம்பிக்கை வேண்டும்.

உங்கள்மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. உங்கள் தோழிக்கு அந்த வீடியோவை அனுப்பினேன் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். கணவனைப் புதைத்துவிட்டு வந்தவள் பிடுங்கிப்போட வேண்டிய பழைய சிறகு எது? அவர் நினைப்பா? உங்களுக்கு இப்போது வருகிற கோபம் அன்று அவளுக்கும் வந்திருக்கும். உங்கள் முகத்துக்காகக் கைகூப்புகிற பொம்மைப் படம் ஒன்றை அனுப்பிவிட்டு இருந்திருப்பாள். எனக்குக் கடிதம் எழுதியதற்கு முன்னால் அவளுக்கு எழுதியிருக்க வேண்டும். இன்றைக்காவது எழுதுங்கள். வசனம் எதுவும் சேர்க்காமல் எழுதுங்கள்.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். “கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து, கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள்” என்ற ஏசாயாவின் வசனம் உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும். ‘புதுப்பெலன் அடைந்து’ என்பதற்கு மூலத்தில் உள்ள வினையின் வேர், யோசேப்பு சிறையிலிருந்து வந்து ‘வேறு வஸ்திரம் தரித்து’ என்ற இடத்திலும் இருக்கிறது. வெட்டிப்போட்ட மரம் ‘திரும்பத் தழைக்கும்’ என்று யோபு சொல்லும் இடத்திலும் அதே வேர்தான். நாடு கடத்தப்பட்டு, இனி ஊர் திரும்புவோமா என்று இருந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை அது. பறப்பதில் ஆரம்பித்து, ஓடுவதற்கு வந்து, “நடந்தாலும் சோர்வடையார்கள்” என்று நடையில் முடிகிறது.

அம்மாவின் புத்தகத்தில் அந்த வசனத்தில் கழுகுக்கு அடிக்கோடு இல்லை. கடைசி இரண்டு சொற்களுக்கு மட்டும் இருக்கிறது. இடது கையால் போட்ட கோடு, எழுத்தின்மேலேயே ஏறி இறங்குகிறது. ஓரத்தில் பென்சிலில் எண்கள்: 3, 5, 5, 9, 4, 11. கட்டிலிலிருந்து சன்னலை நோக்கித் தடியூன்றி வைத்த அடிகளின் கணக்கு. ஒன்பதிலிருந்து நாலுக்கு இறங்கியிருக்கிறதே, அன்றைக்கு என்ன ஆயிற்று என்று பிறகு ஒருநாள் கேட்டேன். அம்மாவுக்கு நினைவில்லை. அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “நாலு வச்சிருக்கேன்ல” என்றாள்.

அன்புடன்.