வெளிநாடு போய் இங்கிலீஷ் டீச்சர் ட்ரெயினிங் எடுக்கிறது வொர்த்தா?

மும்பைல இருக்கேன், பி.காம், ட்யூஷன் எடுத்திருக்கேன், பாங்காக் போய் செல்டாங்கிற இங்கிலீஷ் டீச்சர் ட்ரெயினிங் கோர்ஸ் பண்ணலாமா, அதை வச்சு வெளிநாட்டுல வேலை கிடைக்குமான்னு கேட்டிருக்கீங்க. அதே மும்பைல சயான் கோலிவாடால இருந்து கிளம்பிப் போய் நான் பண்ணது அச்சு அசலா அதேதான், அதனால சொல்றேன்.

120 மணி நேர டெஃபல் (வெளிநாட்டுக்காரங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர்ற) கோர்ஸ்னு ஆயிரம் ரெண்டாயிரத்துக்கு ஆன்லைன்ல விக்கிறாங்களே, அதுவும் செல்டாவும் ஒண்ணுன்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க. கேம்பிரிட்ஜ் குடுக்கிற செல்டாவும் 120 மணி நேரம்தான், முழுநேரமா பண்ணா நாலஞ்சு வாரம், ஆனா அதுல 6 மணி நேரம் நிஜ ஸ்டூடண்ட்ஸ் முன்னாடி நீங்க நின்னு க்ளாஸ் எடுக்கணும், ட்ரெயினர் பின்னாடி உக்காந்து எழுதிக்கிட்டே இருப்பாங்க. என்னைக் கேட்டா அந்த 6 மணி நேரத்துக்குத்தான் காசு. நாலு அசைன்மெண்ட் எல்லாம் உண்டு, அது எப்படியோ எழுதிடலாம்.

தாராவில அஞ்சு வருஷம் ட்யூஷன் எடுத்த கெத்துல போனேன். முதல் க்ளாஸ் 40 நிமிஷம், 'யூஸ்டு டு' சொல்லித்தரணும். போர்டு ஃபுல்லா கோடு போட்டு, அம்பு போட்டு, பன்னெண்டு நிமிஷம் மூச்சு விடாம விளக்கிட்டு "டு யூ அண்டர்ஸ்டாண்ட்?"னு கேட்டேன், அத்தனை தாய்லாந்துக்காரங்களும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாங்க. எக்ஸர்சைஸ் குடுத்தேன், ரெண்டே ரெண்டு பேர்தான் சரியா எழுதினாங்க. க்ளாஸ் முடிஞ்சதும் ட்ரெயினர் அவங்க பேப்பரைத் திருப்பிக் காட்டினாங்க. இடது பக்கம் மணி, வலது பக்கம் யார் பேசுறான்னு. 'டீச்சர், டீச்சர், டீச்சர்'னு கீழ வரைக்கும் போகுது. ரிசல்ட் 'நாட் டு ஸ்டாண்டர்ட்'. அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல.

அப்புறம் அவங்க சொல்லிக்குடுத்தது இதுதான். "அவர் முன்னாடியெல்லாம் சிகரெட் பிடிப்பார்"ங்கிற மாதிரி ஒரு வாக்கியத்தை எழுதிட்டு மூணு கேள்வி கேளு: இப்ப பிடிக்கிறாரா? முன்னாடி பிடிச்சாரா? ஒரே ஒரு தடவையா, பல தடவையா? அவ்வளவுதான், பதில் சொல்லும்போதே யாருக்குப் புரியலன்னு தெரிஞ்சிடும். யோசிச்சுப் பாருங்க, நம்ம ட்யூஷன்ல "புரிஞ்சுதா"ன்னா "ம்"னு வரும், பக்கத்து மராத்தி க்ளாஸ்ல "சமஜ்லா கா"ன்னா "ஹோ"ன்னு வரும், எவனாவது இல்லன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. அஞ்சு வருஷமா அந்த "ம்"மை நம்பித்தான் ஃபீஸ் வாங்கியிருக்கேன்!

தூக்கம் கிடையாது. ராத்திரி ஒரு மணிக்கு ரூம்ல உக்காந்து வாக்கியங்களைத் துண்டு துண்டா கத்தரிச்சு கவர்ல போட்டுக்கிட்டிருப்பேன், மறுநாள் அதை ஸ்டூடண்ட்ஸ் வரிசைப்படுத்தணும். கூடப் படிச்ச இங்கிலாந்துப் பொண்ணு அழகா பேசுவா, ஆனா ப்ரெசண்ட் பெர்ஃபெக்ட் எதுக்குப் போடுறோம்னு கேட்டா முழிப்பா, அதுல நாம ஜெயிச்சிடலாம் ஏன்னா நாம அதைப் படிச்சுத்தான் கத்துக்கிட்டோம். பதிலுக்கு 'வெஜிடபிள்'னு நான் நாலு அசையா சொல்றதை அவ மூணா வெட்டிக் காட்டுவா.

காசு விஷயம். ஃபீஸ், ரூம், டிக்கெட் எல்லாம் சேத்து அம்மா எடுத்த சீட்டுப் பணம் முழுசா போச்சு. உங்களுக்கு சர்ட்டிஃபிகேட் மட்டும் போதும்னா இப்ப செல்டாவையே ஆன்லைன்ல பண்ணலாம், சர்ட்டிஃபிகேட்ல வித்தியாசம் எதுவும் போடமாட்டாங்க. ஆனா எதிர்ல உக்காந்திருக்கிறவங்க முழிக்கிறது ஸ்க்ரீன்ல அவ்வளவா தெரியாது, நான்னா நேர்ல போகத்தான் சொல்வேன்.

வேலைன்னு வந்தா கசப்பான ஒண்ணு இருக்கு. நீங்க செல்டால பாஸ் பி கிரேடு வாங்கினாலும், ஏன், அதுக்கும் மேல பாஸ் ஏ வாங்கினாலும், சில நாட்டுல பாஸ்போர்ட்டைத்தான் பாப்பாங்க. தென் கொரியால இங்கிலீஷ் டீச்சருக்குக் குடுக்கிற ஈ-2 விசா வழக்கமா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்த ஏழு நாட்டுக்காரங்களுக்குத்தான். பாங்காக்லயே ஒரு ஸ்கூல்ல போன்ல நல்லா பேசிட்டு, போட்டோ அனுப்பினதுக்கப்புறம் பதிலே இல்ல. அதனால எந்த நாட்டுக்குப் போகணும்னு முதல்ல முடிவு பண்ணி அந்த ஊர் விசா ரூல்ஸைப் படிச்சிட்டு அப்புறம் ஃபீஸ் கட்டுங்க. நான் திரும்பி வந்துட்டேன், இப்ப தாராவில லெதர் பட்டறைப் பசங்களுக்கு சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ், பகல்ல ஒரு கம்பெனில கஸ்டமர் கேர் ஆளுங்களுக்கு ட்ரெயினிங், சம்பளம் முன்ன விட தேவலை.

அப்ளை பண்ணதும் இன்டர்வியூவுக்கு முன்னாடி ஒரு டாஸ்க் அனுப்புவாங்க. 'ஹி ஹேஸ் பீன் டு சென்னை', 'ஹி ஹேஸ் கான் டு சென்னை', ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், அதை எப்படிப் புரியவைப்பேங்கிற மாதிரி இருக்கும். போயிட்டு வந்திருக்கார், போயிருக்கார். தமிழ்ல நமக்கு ஒரு செகண்ட்ல தெரியுது. அதையே ஒரு வார்த்தை கூடத் தமிழ் பேசாம, அவர் இப்ப சென்னைல இருக்காரா இல்லையாங்கிற மாதிரி கேள்வியா மாத்திப் பாருங்க, அது உங்களுக்கு ஜாலியா இருந்துச்சுன்னா தைரியமா போங்க.