வாங்கும் முன் கேளுங்கள்: மூன்று மணிச் சாப்பாடு, அல்வாப் பெட்டி, சீனி கலந்த கருப்பட்டி

கேள்வி: வேலை மாற்றலாகி திருநெல்வேலிக்கு வந்திருக்கிறேன். சாப்பிட நல்ல ஹோட்டலாக நாலைந்து சொல்லுங்கள் அண்ணாச்சி. ஆபீசில் சொன்ன கடைக்கு மத்தியானம் மூன்று மணிக்குப் போனேன். வாயில் வைக்க முடியவில்லை. – வண்ணார்பேட்டை வாசகர்

பதில்: பெயர்ப் பட்டியல் தரமாட்டேன். "நல்ல கடை எது?" என்று கேட்பதும், கேட்டவுடன் ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவதும் நம் ஊரில் பெரிய பழக்கம். இதனால் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். என்ன பண்டம், எத்தனை மணிக்கு, எந்த மாதம், அடுப்பில் யார் நிற்கிறார் என்ற நான்கையும் சொல்லாத பரிந்துரையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

மதியச் சாப்பாடு என்றால் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரைக்குள் இலையில் உட்காருங்கள். இரண்டரைக்கு மேல் சாம்பார் வாளியில் வெந்நீர் ஏறும், பொரியல் தீர்ந்து ஊறுகாய்தான் வரும், சோறு பாத்திரத்தின் அடியிலிருந்து கட்டியாக விழும். நீங்கள் மூன்று மணிக்குப் போனால் எந்தக் கடையிலும் இதுதான் கிடைக்கும். காலை டிபனுக்கு எட்டரைக்குள் போய்விடுங்கள். விடியற்காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி நம் வெக்கைக்குப் பத்து மணி தாண்டினாலே புளிக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு போனால் சாம்பாரோ மிளகாய்ப் பொடியோ கேட்டு வாங்குங்கள்.

பரோட்டாவுக்கு இரவு ஏழிலிருந்து ஒன்பது. கல்லில் இருந்து எடுத்ததும் இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்துப் போட்டால் அடுக்கு பிரியும். சாயங்காலமே சுட்டு அடுக்கி வைத்ததைத் திருப்பிச் சூடு காட்டினால் ஓரம் விறைத்து, நடு அடுக்குகள் ஒட்டிக்கிடக்கும். "கல்லிலிருந்து எடுத்துத் தாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூட்டமுள்ள கடைக்காரர் மறுக்க மாட்டார்.

மீன் சாப்பாட்டுக்குக் காலண்டரைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், மேற்குக் கடற்கரை மீன் ஜூன் பிறக்கும் வரை வரும், மிச்சமெல்லாம் ஐஸ் சரக்கு. மே மாதத்தில் ஒரு கடை பலகையில் பத்து வகை மீனும் தவறாமல் இருந்தால் அங்கே மீன் வேண்டாம். பழைய மீன் மசாலாவுக்குள் ஒளிந்துகொள்ளும். ஆனால் சதை அடுக்கடுக்காகப் பிரியாமல் மாவாக உதிரும், நாக்கில் ஒரு எரிச்சல் நிற்கும். புரட்டாசியில் அசைவக் கடைகளில் ஓட்டம் குறைவு, அதனால் சரக்கு தங்கும். அந்த மாதம் கூட்டம் குறையாத கடையில் மட்டும் சாப்பிடுங்கள்.

கடைசியாக மாஸ்டர். ஒரு மாஸ்டர் கடை மாறினால் அவருடைய சால்னாவும் கூடவே போய்விடும், பெயர்ப்பலகை மட்டும் அங்கேயே இருக்கும். ஆகவே யாரிடம் கேட்டாலும் இப்படிக் கேளுங்கள்: "கடைசியா எப்போ போனீங்க, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீங்க?" பதில் ஒரு வருடப் பழசாக இருந்தால் அதை வைத்துப் பணம் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: இரவு ஒன்பது மணிக்குப் பார்சல் பிரியாணி வந்தது. பசியில்லாததால் மேசையில் வைத்துவிட்டு காலையில் பிரித்தால் ஊசிப்போயிருக்கிறது. நஷ்டஈடு கேட்கலாமா? – பெருமாள்புரம்

பதில்: கேட்க முடியாது. இறைச்சிச் சோற்றை ராத்திரி முழுக்க வெளியே வைத்தது நீங்கள்.

கேள்வி: ஜங்ஷனில் இறங்கினால் ஒரே பெயரில் வரிசையாக அல்வாக் கடைகள். எழுத்தும் ஒன்றுபோல, நிறமும் ஒன்றுபோல. எது அசல் என்று வெளியூர்க்காரர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? – சென்னை வாசகி

பதில்: பலகையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது அம்மா, பில்லைப் பாருங்கள். 2022 ஜனவரி 1 முதல் உணவுக் கடைகளின் பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவின் 14 இலக்க எண் இருந்தாக வேண்டும். அந்த எண்ணை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் போட்டால் கடையின் பதிவான பெயரும் முகவரியும் வரும். பில்லே தராத கடையில் அசலா போலியா என்ற பேச்சுக்கே இடமில்லை. டவுனில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கிழக்கு ரத வீதியில் இருக்கும் இருட்டுக்கடை சாயங்காலக் கடை. காலை பத்து மணிக்கு ஜங்ஷனில் ஒருவர் "அதே அல்வா" என்று நீட்டினால் வாங்காதீர்கள்.

அதைவிட, அல்வாவைத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, சீனியும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டினால் வரும் பழுப்பு நிறம் சீனி முறுகுவதால் வருவது. ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ பளிச்சென்று இருந்தால் அது சாயம். கோதுமை அல்வாவை விரலால் எடுத்தால் வழுக்கிக்கொண்டு நீளும். சோளமாவு அல்வா ரப்பர் போலத் துண்டாகும். நெய்யா வனஸ்பதியா என்பதை வாயே சொல்லிவிடும். வாய்ச் சூட்டில் நெய் கரைந்து போகும், வனஸ்பதி மேலண்ணத்தில் படிந்து நிற்கும். வாழையிலைத் துண்டில் ஐம்பது கிராம் வாங்கித் தின்று பாருங்கள், பிறகு கிலோக் கணக்கில் சொல்லுங்கள்.

ரயிலுக்கு வாங்குகிறவர்கள் சூட்டோடு மூடி வாங்க வேண்டாம். உள்ளே வேர்த்து, அந்த ஈரத்தில் இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடிக்கும். மூடியைத் திறந்து ஆறவிட்டு மூடுங்கள். பிரிட்ஜில் வைத்தால் கட்டியாகும். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துச் சூடாக்கினால் இளகிவிடும்.

கேள்வி: அரைக் கிலோ அல்வாவை வீட்டில் எடை போட்டால் 450 கிராம்தான் இருக்கிறது. கேட்டால் "பெட்டியோட சேர்த்துத்தான்" என்கிறார்கள். – மேலப்பாளையம்

பதில்: அப்படிச் சேர்க்கச் சட்டத்தில் இடமே கிடையாது. எடை என்றால் பண்டத்தின் நிகர எடை. கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 50 கிராம் அட்டைக்கு நீங்கள் கொடுத்தது 20 ரூபாய். பண்டிகை நாளில் இப்படி எத்தனை பெட்டி போகும் என்று நினைத்துப் பாருங்கள். நானும் ஒரு தீபாவளிக்குக் கால் கிலோ மிக்சர் என்று வாங்கி, அட்டைக்குச் சேர்த்துக் காசு கொடுத்திருக்கிறேன்.

காலிப் பெட்டியைத் தராசில் வைத்து 'டேர்' பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். திரையில் பூஜ்யம் வந்த பிறகுதான் அல்வா விழ வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அரசு முத்திரை வேண்டும். அந்தச் சான்று கடையில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மறுத்தால் பில்லோடு தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள். 20 ரூபாய்தானே என்று விடாதீர்கள்.

கேள்வி: பேத்திக்கு முதல் பிரசவம். உடன்குடி சரக்கு என்று சொல்லி வீட்டு வாசலில் வந்து விற்றவரிடம் பத்துக் கிலோ கருப்பட்டி வாங்கினேன். காய்ச்சினால் மணமே இல்லை. வெறும் சீனித் தண்ணீர் மாதிரி இனிக்கிறது. பென்ஷன் பணம் அய்யா. – அம்பாசமுத்திரம் பாட்டி

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை அம்மா. வாசலுக்கு வரும் வியாபாரியை நம்பி வாங்கிப் பழகிய ஊர் இது. பிள்ளை பெற்றவளுக்கு என்று தெரிந்தும் சீனியைக் கலந்து விற்றவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மிச்சத்தை வைத்திருங்கள், எதையும் கொட்டாதீர்கள். ஒரு வட்டை உடைத்து, உடைத்த பக்கத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. விற்றவரைப் பற்றித் தெரிந்ததையெல்லாம், வண்டி எண், வந்த நாள், போன் நம்பர் எதுவானாலும், படத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். ஆள் கிடைத்தால் அலுவலர்களே அவரிடமிருந்து மாதிரி எடுத்து பாளையங்கோட்டையில் உள்ள உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்புவார்கள். தரக்குறைவு என்று நிரூபணமானால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

மற்றவர்களுக்கு: வாங்குகிறவரே பகுப்பாய்வுக்கு அனுப்பவும் அந்தச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் வாங்கும்போதே "இதைப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று விற்பவரிடம் சொல்ல வேண்டும். கட்டணம் நாம் கட்ட வேண்டும். 14 நாளில் அறிக்கை வரும். கலப்படம் என்று வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னவுடன் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறவரிடம் நீங்கள் வாங்கவே வேண்டாம்.

விலையையும் யோசியுங்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய எட்டு லிட்டர் பதநீர் காய்ச்ச வேண்டும். மரம் ஏற ஆள், காய்ச்ச விறகு, கிண்டக் கை. சீனி விலைக்குப் பக்கத்தில் அது எப்படி வரும்? பதநீரில் சுண்ணாம்பு சேர்வதால் நல்ல கருப்பட்டியின் இனிப்புக்குள் லேசான கரிப்பு இருக்கும். உடைத்த இடத்தில் சீனிக் கற்கள் மினுங்கினால் சந்தேகப்படலாம், முடிவான தீர்ப்பு ஆய்வுக்கூடத்தில்தான். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு என்பது உண்மை. அதற்காக ஒவ்வொரு வட்டையும் யாரும் சோதித்து அனுப்புவதில்லை. பனைச் சீசனில், காய்ச்சுகிற இடத்துக்கே போய், அல்லது போகும் சொந்தக்காரரிடம் சொல்லி, ஒரு வருடத்துக்கு வாங்கி ஓலைப்பெட்டியில் வைத்துக்கொள்வதே நல்லது.

கேள்வி: ஆப்பில் ஆர்டர் செய்த சாப்பாட்டில் கரப்பான்பூச்சி. படம் எடுத்துவிட்டேன். கடை ஆப்பைக் கைகாட்டுகிறது, ஆப் கடையைக் கைகாட்டுகிறது. – பாளையங்கோட்டை கல்லூரி மாணவி

பதில்: படம் எடுத்தது நல்ல காரியம். பொட்டலத்தில் ஒட்டிய சீட்டும் ஆர்டர் எண்ணும் தெரிய இன்னொரு படமும் எடுங்கள். ஆப்பின் அரட்டைப் பெட்டியோடு நிற்காமல் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் ஒப்புகை தரவேண்டும், ஒரு மாதத்தில் தீர்த்துவைக்க வேண்டும். கூடவே 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் பதியுங்கள். கடையின் சுத்தக்கேட்டுக்கு மேலே சொன்ன வாட்ஸ்அப் எண். அப்போதும் அசையவில்லையானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் இருக்கிறது.

கேள்வி: மகன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். "நெல்லை" என்று பெயர் வைத்த மெஸ்கள் அங்கே நிறைய. எதை நம்புவது? – தென்காசி

பதில்: சொதியைக் கேட்கச் சொல்லுங்கள். மற்ற குழம்பில் மசாலாவைக் கூட்டி ஒப்பேற்றிவிடலாம், சொதியில் முடியாது. சிறுபருப்பும் காயும் இரண்டாம், மூன்றாம் தேங்காய்ப் பாலில் வேக வேண்டும். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்து ஊற்ற வேண்டும். கெட்டியான முதல் பால் கடைசியில். அது கொதிக்கக் கூடாது, ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு சூடு தணிந்த பிறகுதான். கொதித்தாலோ சூட்டில் பிழிந்தாலோ திரிந்து, வெள்ளைத் திப்பியும் எண்ணெயும் தனித்தனியாக நிற்கும். திரியாமல் இருக்க மைதாவோ சோளமாவோ கரைத்து ஊற்றினால் ஆறும்போது பசையாக இழுக்கும். பக்கத்தில் இஞ்சிப் பச்சடி வைக்காத மெஸ்ஸுக்கு சொதி எதோடு சேரும் என்றே தெரியவில்லை என்று அர்த்தம்.

தினமும் சொதி என்று போட்டிருப்பதைவிட, வாரத்தில் ஒருநாள் வைத்து அன்றே தீர்க்கும் கடை மேல். ஒருநாள் உளுந்தஞ்சோறும் கேட்டுப் பார்க்கட்டும். தோல் உளுந்தில் செய்து, எள்ளுத் துவையல் வைத்தால் அந்தக் கடைக்கு மாதக் கணக்கே வைக்கலாம் தம்பி.

கேள்வி: ஹோட்டலில் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினார்கள். சர்வீஸ் சார்ஜும் போட்டிருந்தார்கள். – கே.டி.சி. நகர்

பதில்: பாட்டில் விஷயத்தில் உங்களுக்கு வழியில்லை. உட்கார வைத்துப் பரிமாறும் ஹோட்டல்கள் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. சாதாரணத் தண்ணீரைக் கேட்டு வாங்குங்கள். பெட்டிக்கடையிலும் பேக்கரி கவுண்டரிலும் அதிகம் கேட்டால் கொடுக்காதீர்கள். சர்வீஸ் சார்ஜ் கட்டாயமே இல்லை. பில்லிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், எடுக்காவிட்டால் 1915.

கேள்வி: குற்றாலம் போகும் வழியில் கண் முன்னாலேயே அடையைப் பிழிந்து தேன் தருகிறார்களே, அதை நம்பலாமா? – கடையநல்லூர்

பதில்: வேண்டாம். வாளியில் கிடக்கும் அடை, சீனிப்பாகில் நனைத்து எடுத்ததாகவும் இருக்கலாம். தீக்குச்சி, தண்ணீர், எறும்பு என்று சொல்லப்படும் சோதனைகள் எதுவும் பாகைக் காட்டிக்கொடுக்காது. அப்படி வாங்கிய புட்டி ஒன்று என் வீட்டு அடுக்களையிலும் தொடாமல் கிடக்கிறது. உரிம எண்ணும் அக்மார்க்கும் உள்ள புட்டியாக வாங்குங்கள்.