லவ்லெஸ் ஆல்பத்தின் கிட்டார் ஒலியை வீட்டில் கொண்டுவர என்னென்ன பெடல்கள் வாங்க வேண்டும்?

பெடல், அதாவது காலால் அழுத்தி கிட்டார் ஒலியை மாற்றும் அந்தச் சின்னப் பெட்டி, வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். இதே கேள்வியோடு நானும் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். எல்லா இடத்திலும் விலைப்பட்டியலைத்தான் பதிலாக நீட்டினார்கள். நீங்கள் வேலைக்குச் சேர்ந்து சில மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள், காணொளிகளைப் பார்த்து ஏழெட்டுப் பெடல்களைக் குறித்தும் வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பணம் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மை ப்ளடி வேலண்டைன் என்ற ராக் குழுவின் அந்த ஆல்பம் 1991 நவம்பரில் வெளிவந்தது. 1989இல் தொடங்கிய பதிவு, 19 ஸ்டூடியோக்கள் மாறி முடிந்ததாகச் சொல்வார்கள். அதைக் கேட்டதும் நூறு கிட்டார்களை அடுக்கியிருப்பார்கள், அறை முழுக்கப் பெடல்கள் இருந்திருக்கும் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் குழுவின் கிட்டார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸ் பேட்டிகளில் இதைத் திரும்பத் திரும்ப மறுத்திருக்கிறார். கிட்டார் தடங்கள் குறைவுதான், ஒலியை அலையலையாக ஆக்கும் கோரஸ், ஃப்ளாஞ்சர் பெடல்களைப் பயன்படுத்தவில்லை என்பதுதான் அவர் சொன்னது.

பிறகு அந்த ஒலி எங்கிருந்து வருகிறது? வலது கையிலிருந்து. ஃபெண்டர் 1958இல் கொண்டுவந்த ஜாஸ்மாஸ்டர் கிட்டாரில் நீண்ட வாமி பார் ஒன்று உண்டு; அசைத்தால் தந்திகளின் சுருதியை ஏற்றி இறக்கும் கம்பி அது. ஷீல்ட்ஸ் அதைத் துளைக்குள் முழுதாக இறக்காமல், டேப் சுற்றி, தொளதொளவென்று உயரமாக நிற்கவைத்தார். அதைக் கைக்குள் பிடித்தபடியேதான் தந்திகளை மீட்டினார். ஒவ்வொரு மீட்டலுக்கும் கார்ட், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரங்கள், முழுவதும் சற்றே இறங்கி ஏறும். வீணையில் கமகம் ஒரு தந்தியில் நடப்பது போல, இங்கே ஆறு தந்திகளிலும் ஒரே நேரத்தில் நடக்கிறது. பாரை அழுத்தினால் எல்லாத் தந்திகளும் ஒரே அளவு இறங்குவதில்லை. ஒன்று அதிகம் இறங்கும், இன்னொன்று குறைவாக இறங்கும். ஒரே சுரத்தில் சேர்த்த இரண்டு தந்திகளில் ஒன்று 220 ஹெர்ட்ஸிலும் மற்றது 222லும் நின்றால், ஒலி நொடிக்கு 2 முறை பெருத்து இளைக்கும். சத்தமாக வைத்த ஆம்ப் (கிட்டாரின் ஒலிபெருக்கி) அதை மேலும் கலக்கிவிடும். நீங்கள் கோரஸ் பெடல் என்று நினைத்துக்கொண்டிருப்பது இந்த அலையைத்தான்.

கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பின்னூட்டத்தில் சண்டைக்கு வருகிறவர்கள் இதைக் கவனிக்கவும். யமஹா எஸ்பிஎக்ஸ்90 என்ற, ஒலியை மாற்றும் ஸ்டூடியோ கருவியில் இருந்த ரிவர்ஸ் எதிரொலி அவருடைய ஒலியில் முக்கியமான பங்கு வகித்தது என்பது உண்மைதான். எதிரொலி தேய்ந்து மறைவதற்குப் பதிலாக வளர்ந்து வந்து சட்டென்று நிற்கும். மீட்டலின் முனை மழுங்கிப்போகும். ஆனால் பார் அசையாத கிட்டாரில் அதே எதிரொலியைப் போட்டால் வெறும் மூட்டம்தான் கிடைக்கும்.

இதை நான் வாசித்துத் தெரிந்துகொண்டு மட்டும் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் எங்கள் குழு மூன்று சொந்தப் பாடல்களைப் பதிவு செய்தது. என்னிடம் இருந்தது ஃபெண்டரின் மலிவு வகையான பழைய ஸ்க்வயர் ஜாஸ்மாஸ்டர் ஒன்று, கல்லூரி நண்பன் சால்டர் செய்து கொடுத்த, ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் ஒன்று. போன இடம் பெரும்பாலும் பக்திப் பாடல்கள் பதிவாகும் ஸ்டூடியோ. பொறியாளர் ஐம்பது வயதைத் தாண்டியவர், ஆர்மோனியம் வாசிப்பவர், சுருதியில் நூல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். முதல் கார்டிலேயே கையைத் தூக்கிவிட்டார்.

"தம்பி, சுருதி இறங்குகிறது. சேர்த்துவிட்டு வாசியுங்கள்."

"அது வேண்டுமென்றே செய்வதுதான் சார்" என்றேன். அவர் நம்பவில்லை. வாதாடாமல், ஒரே கார்டைப் பாரைத் தொடாமல் ஒரு முறையும், பிடித்துக்கொண்டு ஒரு முறையும் வாசித்து, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கச் சொன்னேன். கேட்டார். மறுபடியும் போட்டார். பிறகு எதுவும் பேசாமல் எழுந்து உள்ளே வந்து, ஆம்ப் மேலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தரையில் வைத்தார். தாழ்ந்த சுரம் வரும்போதெல்லாம் அது கிணுகிணுத்துக்கொண்டிருந்ததை நாங்கள் ஒருவரும் கவனித்திருக்கவில்லை.

அதற்குப் பின் அவர்தான் எங்களை இழுத்துக்கொண்டு போனார். ஆல்பத்தின் முதல் பாடலான 'ஒன்லி ஷாலோ'வில் வரும் அந்தக் கூரிய கிட்டார் ஒலிக்கு, ஷீல்ட்ஸ் இரண்டு ஆம்ப்களை எதிரெதிரே வைத்து, இரண்டிலும் ட்ரெமலோவை வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டு, நடுவே ஒரு மைக்கை நிறுத்தினார் என்று சொன்னேன். பதிந்ததைப் பின்னோக்கி ஓடவிட்டு மேலே சேர்த்ததையும் சொன்னேன். "ட்ரெமலோ என்றால் சத்தம் ஏறி இறங்குவதுதானே?" என்று கேட்டுக்கொண்டு, அடுத்த அறையிலிருந்த சின்ன ஆம்பைத் தூக்கிவந்தார். மைக்கை நடுவிலிருந்து ஒரு சாண் இப்படியும் அப்படியுமாக அவரே நகர்த்தி நகர்த்திக் கேட்டார். அச்சு அசல் அதே ஒலி வந்தது என்று சொல்லமாட்டேன். வோக்ஸ், மார்ஷல் போன்ற பெரிய ஆம்ப்களைக் காது கிழிய வைத்துப் பதிந்ததை, 15 வாட் ஆம்பில் அப்படியே எடுக்க முடியாது. ஆனால் எங்கள் இரண்டாவது பாடலில் நடுவே வரும் பகுதியை இன்று கேட்டாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கேட்டவர்கள் எந்தப் பெடல் என்றுதான் விசாரிக்கிறார்கள்.

சத்தம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாடகைக்கு வீடு தேடியபோது, என் தோளில் கிட்டார் பையைப் பார்த்ததுமே வீடு வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பியவர்கள் உண்டு. நான் வீட்டில் ஹெட்போனில்தான் வாசிக்கிறேன், பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது என்று விளக்கியும் பயனில்லை. அதே தெருவில், வீணை வாசிக்கும் என் சித்தி மகளுக்குக் கலைக் குடும்பம் என்று பாராட்டி வீடு கொடுத்தார்கள். அவளுக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டும் தந்தி வாத்தியங்கள்தானே? ஒன்றை வாசிப்பவனை மட்டும் ஊர் சுற்றி என்று ஏன் முடிவு செய்ய வேண்டும்? இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். இருந்தாலும், இந்த ஊரில் ராக் வாசிக்கத் தொடங்கினால் உங்களுக்கும் இது நேரும்.

சரி, பணத்தை எதில் போடுவது? ஜாஸ்மாஸ்டர் அல்லது ஜாகுவார் வகைக் கிட்டார் ஒன்றைப் பழையதாகத் தேடுங்கள். மிக மெல்லிய தந்தியின் தடிமன் 11 அளவுக்குக் (0.011 அங்குலம்) குறைய வேண்டாம். மெல்லிய தந்தி போட்டால் அந்த பிரிட்ஜில் (தந்திகளைத் தாங்கும் பகுதி) தந்தி பள்ளத்தைவிட்டு நழுவும், இரையும். கிட்டாரே கோளாறு என்று நினைத்து விற்றுவிடுகிறார்கள். அதனால் நல்ல கிட்டார்கள் சில சமயம் குறைந்த விலைக்கும் கிடைக்கும். ரிவர்ஸ் எதிரொலிக்குக் கணினியில் இலவச மென்பொருளே போதும். பாரைக் கைக்குள் வைத்துக்கொண்டு, தாளம் பிசகாமல் மீட்டப் பழகுங்கள். தொடக்கத்தில் மணிக்கட்டு வலிக்கும். அது சரளமாக வந்த பிறகும் ஏதோ குறைகிறது என்று உங்கள் காதுக்குத் தோன்றினால், ஃபஸ் பெடல் பற்றித் தனியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.