குடியாத்தம் பக்கம் எடுத்த கூத்து வீடியோல இருந்து ஆடியோ எடுத்தா குரல் மெதுவாகி, ஒரு காதுல மட்டும் கேக்குதே, எப்படி சரி பண்றது?

குடியாத்தம் பக்கம் எடுத்த கூத்துன்னு சொன்னீங்க, அந்த முகவீணை (நாதஸ்வரம் மாதிரி சின்ன ஊதுகருவி) சத்தம் கெட்டுப்போக விடக்கூடாதுங்க, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க. குரல் கனமா, மெதுவா வருதுன்னா பெரும்பாலும் சாம்பிள் ரேட் (ஒரு நொடிக்கு எத்தன தடவ சத்தத்த அளந்து பதியுதுங்கற கணக்கு) குழப்பம்தான். வீடியோல ஆடியோ பொதுவா 48000 ஹெர்ட்ஸ்ல இருக்கும், அத மாத்தாமலே 44100னு நெனச்சி ஒரு சாஃப்ட்வேர் ஓட்டுச்சுன்னா சுமார் 8 சதவீதம் வேகம் கொறையும், சுருதியும் எறங்கிடும். ஆடாசிட்டிங்கற ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல அந்த டிராக்கோட மெனுல ரேட்ட 48000னு வெச்சா சரியாயிடும்.

ஒரு காது பிரச்சனை ஈசி, வெளி மைக் ஒரு சேனல்ல மட்டும் பதிஞ்சிருக்கும், ஸ்டீரியோவ ரெண்டு மோனோவா பிரிச்சி காலியா இருக்கறத அழிச்சிடுங்க.

ஃபைல் பேர எம்பி3ன்னு மாத்தினா ஃபார்மட் மாறாதுங்க, நெறைய பேரு இதத்தான் பண்றாங்க. போன் வீடியோல பொதுவா ஏஏசிங்கற ஆடியோ ஃபார்மட்தான் இருக்கும், எஃப்எஃப்எம்பெக்ங்கற சாஃப்ட்வேர்ல காப்பி ஆப்ஷன் போட்டு எம்4ஏ ஃபைலா அப்படியே எடுங்க, திரும்ப என்கோட் ஆகாது, தரம் கொஞ்சமும் கொறையாது.

சத்தம் கம்மின்னா நார்மலைஸ் (சத்தத்தோட அளவ மொத்தமா ஏத்தறது) பண்ணலாம். ஆனா ரெக்கார்ட் பண்ணும்போதே சத்தம் அதிகமாகி வெடிச்சிருந்தா முழுசா மீட்க முடியாது, அடுத்த கூத்துக்கு மைக்க முகவீணைகாரர் பக்கத்துல வெக்காம கொஞ்சம் தள்ளி வெய்யுங்க.