பிள்ளைக்கு ஓயாமல் வயிற்றுக் கோளாறு: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்

குழந்தைகள் வார்டில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். என் மகளே நாலு வயதிலிருந்து ஆறு வயது வரை வயிறு உப்பி, கைகால் மெலிந்து, இரும்புச்சத்து டானிக் எத்தனை பாட்டில் கொடுத்தும் ரத்தம் ஏறாமல் கிடந்தவள். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்தான் காரணம் என்று தெரிய இரண்டு வருடம் ஆனது. அதனால் நீங்கள் கேட்பது எனக்கு வெறும் கேள்வி இல்லை. நான் டாக்டர் இல்லை, மருந்து அளவு மட்டும் கேட்காதீர்கள்.

சிஸ்டர், பையனுக்கு 5 வயது. மூன்று மாதமாக ஜட்டியில் தண்ணியாக மலம் பட்டுக்கொண்டே இருக்கிறது. வயிற்றுப்போக்கு மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. அதற்கு முன்னால் அவனுக்கு மலம் கெட்டியாகத்தான் போகும். (திருச்சி)

கடைசி வரியில் நீங்களே காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள். இது பெரும்பாலும் வயிற்றுப்போக்கு இல்லை, மலச்சிக்கல். எப்போதோ ஒரு நாள் கெட்டியாகப் போய் வலித்திருக்கும், அந்தப் பயத்தில் அடக்க ஆரம்பித்திருப்பான், அடக்க அடக்க குடல் தண்ணீரை உறிஞ்சி மலம் இன்னும் இறுகும், நாளாக ஆக மலக்குடல் விரிந்துபோய் வருகிற உணர்வே மழுங்கிவிடும். அப்புறம் மேலேயிருந்து வரும் இளகிய மலம் அந்தக் கட்டியைச் சுற்றிக் கசிந்து ஜட்டியில் படும். அவனுக்கே தெரியாமல் வருவது அது. தயவுசெய்து அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். மூலையில் போய்க் காலைப் பின்னிக்கொண்டு, குதிகாலைத் தூக்கி நிற்கிறானா என்று பாருங்கள். முக்குகிறான் என்று நினைப்போம், அடக்குகிறான் என்பதுதான் நிஜம்.

போக்கை நிறுத்தும் மருந்தை இனிக் கொடுக்காமல் டாக்டரிடம் இதே கதையைச் சொல்லுங்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். முதலில் தேங்கியதை வெளியேற்ற வேண்டும், பிறகு மலத்தை இளக்கும் மருந்து மாதக் கணக்கில் போகும். "பழகிவிடும்" என்று பயந்து பத்தே நாளில் நிறுத்திவிட்டு மறுபடி வருகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். விரிந்த குடல் சுருங்க நாள் பிடிக்கும். சாப்பிட்ட கையோடு குடல் தானாக அசையும், அந்த நேரம் பார்த்து ஐந்து பத்து நிமிடம் உட்கார வையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு ஒரு முக்காலி கட்டாயம். பால் எவ்வளவு குடிக்கிறான் என்றும் அளந்து பாருங்கள், ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் குறைத்துவிட்டுச் சாப்பாட்டைக் கூட்டுங்கள். பள்ளிக்கூடத்து டாய்லெட் அசுத்தமாக இருப்பதால் அடக்கும் பிள்ளைகளும் உண்டு, அதையும் கேளுங்கள்.

அக்கா, உங்கள் மகளுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாத நோய் என்று சொன்னீர்களே, அது வடநாட்டில் வருவதுதானே? என் பெண்ணும் எடை ஏறாமல் இருக்கிறாள். பத்து நாள் சப்பாத்தியை நிறுத்திப் பார்க்கட்டுமா? (சென்னை)

நிறுத்தாதீர்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம், மறுபடி பல வாரம் கோதுமை கொடுத்துச் சோதிக்க வேண்டியதாகிவிடும். நாங்கள் செய்த தவறு அதுதான். இரண்டு வருடத்தில் ஐந்து மாதம் அதிலேயே போனது.

பஞ்சாப், ராஜஸ்தான் பக்கம் அதிகம் என்பது உண்மை. நாம் அரிசிக்காரர்கள் என்பதால் இங்கே யாருக்கும் சந்தேகமே வருவதில்லை, ஆனால் ரவை உப்புமா, சேமியா, பரோட்டா, பிஸ்கட் என்று நம் பிள்ளைகளும் தினம் கோதுமை சாப்பிடுகிறார்கள். கேட்க வேண்டிய ரத்தப் பரிசோதனை டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ., கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. அளவும் (ஐ.ஜி.ஏ. என்பது உடம்பில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்புப் புரதம்). சில பிள்ளைகளுக்கு ஐ.ஜி.ஏ.வே குறைவாக இருக்கும், அவர்களுக்கு முதல் சோதனை பொய்யாக நார்மல் என்று வரும். அதன் பிறகு தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி செய்து சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள்.

நோய் உறுதியானால் ஆயுசுக்கும் கோதுமை, பார்லி கூடாது. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். நாங்கள் மாட்டிக்கொண்டது இரண்டு இடத்தில். ஒன்று, கட்டிப் பெருங்காயம், தூள் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், பொட்டலத்தின் பின்னால் படித்துப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று மாவு மில். கோதுமை அரைத்த அதே மெஷினில் கேழ்வரகு அரைத்தால் போச்சு. இப்போது வீட்டிலேயே அரைக்கிறேன். அடுத்த ஒரு வருடத்தில் மகளுக்கு 4 கிலோ ஏறியது, ரத்தமும் ஏறியது.

ஸ்கேனில் வயிற்றுக்குள் நெறிகட்டி இருக்கிறது என்று வந்திருக்கிறது. டி.பி.யா இருக்குமோ என்று தூக்கமே இல்லை. மகனுக்கு 7 வயது, நன்றாகச் சாப்பிடுகிறான், விளையாடுகிறான். (மதுரை)

தூங்குங்கள் அண்ணா. பிள்ளைகள் வயிற்றில் சின்னச் சின்ன நெறிகட்டிகள் ஸ்கேனில் தெரிவது ரொம்பச் சாதாரணம், சளி பிடித்துப் போனாலும் தெரியும். நெறிகட்டி பெரிதாகவோ ஒன்றோடொன்று ஒட்டியோ இருந்து, கூடவே விடாத காய்ச்சல், எடை குறைவு, வீட்டில் யாருக்காவது டி.பி. என்று இருந்தால்தான் அந்தப் பக்கம் தேட வேண்டும். அந்த ஒரு வரியை மட்டும் வைத்து டி.பி. மருந்து ஆரம்பிக்கச் சொன்னால் இன்னொரு டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.

பள்ளிக்கூடம் கிளம்பும்போது மட்டும் வயிறு வலிக்கிறது என்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வலிப்பதில்லை. நடிக்கிறாளா? பூச்சி மருந்தும் கொடுத்தாச்சு. (ஈரோடு)

நடிப்பில்லை, வலி நிஜம். மனதில் பயம் இருந்தால் குடலுக்கு உணர்வு கூடும். ஜான் ஆப்லி என்று இங்கிலாந்தில் ஒரு குழந்தை மருத்துவர் பல வருடம் முன்பே சொன்னது: வலி தொப்புளை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு உள்ளே நோய் இருக்க வாய்ப்பு அதிகம். தொப்புளைச் சுற்றித்தான் காட்டுகிறாள், எடை ஏறுகிறது என்றால் முதலில் வகுப்பில் என்ன நடக்கிறது என்று பொறுமையாகக் கேளுங்கள். ஆனால் நடு இரவில் வலியால் எழுந்து அழுவது, மலத்தில் ரத்தம், பச்சை வாந்தி, எடை இறங்குவது, அடிக்கடி வாய்ப்புண், மூட்டு வலி, இதில் ஒன்று இருந்தாலும் பள்ளிக்கூடத்தின் மேல் பழி போடாமல் டாக்டரிடம் போங்கள். பச்சை வாந்தி என்றால் அன்றைக்கே. பூச்சி என்றால் ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பு இருக்கும், அப்படி இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து மருந்து கேளுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்து சரியானது, இப்போது பால் குடித்தால் மட்டும் வயிறு உப்பிப் புளித்த வாடையோடு போகிறது. 2 வயது. (கோவை)

போக்கில் குடலின் உள்தோல் தேய்ந்திருக்கும், பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்திருக்கும். சில வாரத்தில் திரும்பிவிடும். அதுவரை பாலைக் குறைத்துத் தயிர் கொடுங்கள். தாய்ப்பால் என்றால் நிறுத்தவே வேண்டாம்.

மாமியார் தொக்கம் எடுக்கக் கூட்டிப் போகலாம் என்கிறார்... (நாகர்கோவில்)

வேண்டாம்மா. வயிற்றில் சோறு ஒட்டிக்கொண்டது என்று சொல்லித் தொண்டையில் விரல் விட்டு எடுப்பதுதானே தொக்கம். வயிற்றுக்குப் போன சோறு சில மணி நேரத்தில் குடலுக்கு இறங்கிவிடும், மாதக் கணக்கில் ஒட்டிக்கொண்டு இருக்காது. தொண்டையில் விரல் விட்டால் புண்ணாகும், வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அத்தையிடம் சண்டை வேண்டாம், "டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் அத்தை" என்று அவர்களையும் கூடவே அழைத்துப் போங்கள். பட்டன் பேட்டரி, காசு எதையாவது விழுங்கியிருந்தால் அது வேறு, உடனே ஆஸ்பத்திரி.

அக்கா, டாக்டரிடம் போனால் பதற்றத்தில் பாதி மறந்துவிடுகிறது. என்ன எழுதிக்கொண்டு போக? (தஞ்சாவூர்)

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டாள், எப்போது வலித்தது, எந்த இடம், தூக்கத்திலா, மலம் கட்டியா கூழா தண்ணியா, மிதந்ததா, எண்ணெய் படிந்ததா. கூச்சப்படாமல் மலத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டர்களுக்கு அது பெரிய உதவி. பிறந்து இரண்டு நாளுக்குள் முதல் மலம் போனதா என்பதையும் எழுதுங்கள். அப்புறம் வீட்டு அலமாரியில் தடுப்பூசி அட்டை, அங்கன்வாடி எடை அட்டை கிடக்கும் பாருங்கள், அதைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். என் மகளுக்கு நாலு வயதில் 14 கிலோ, ஐந்தரையிலும் 14 கிலோ. அந்த அட்டையைப் பார்த்த பிறகுதான் ஒரு டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "கோதுமை என்னென்ன சாப்பிடுகிறாள்?" என்று கேட்டார்.