கிரைண்டர் இருக்கே, அப்புறம் என்ன வேலை?

கேள்வி: என் அம்மா விறகடுப்பை ஊதி ஊதி, அம்மியில் அரைத்து எட்டுப் பேருக்குச் சமைத்தார். எங்கள் வீட்டில் கேஸ், குக்கர், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் இருக்கின்றன. நாங்கள் நாலே பேர். ஆனாலும் என் மனைவி, "பொழுதெல்லாம் அடுப்படியிலேயே போகுது" என்கிறார். நிஜமாகவே அவ்வளவு வேலையா?
– வாசகர், ஈரோடு

பதில்: நிஜம்தான் சார். உங்கள் அம்மா பட்ட பாடு பெரும்பாடு. ஆனால் அன்றைக்கு என்ன சமைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும்தான். ஒரு உலை, ஒரு குழம்பு, அதுவே ராத்திரிக்கும். இட்லி என்றால் தீபாவளி, பொங்கல். கிரைண்டர் வந்து கைவலி போனது. இட்லியும் தினப்படி ஆகிவிட்டது. இப்போது காலை டிபன், டப்பாவுக்குச் சாதமும் பொரியலும், ராத்திரி தோசைக்கு வேறொரு சட்னி. மிச்சமான நேரமெல்லாம் இதற்கே சரியாகிவிடுகிறது.

நேற்று எங்கள் வீட்டில் வாழைப்பூப் பொரியல். ஒவ்வொரு பூவிலும் தலை தடித்த, கள்ளன் என்கிற நரம்பையும், அடியில் கண்ணாடி போல ஒட்டியிருக்கும் செதிலையும் கிள்ளி எடுக்க வேண்டும்; விட்டால் வேகவே வேகாது. நறுக்கியதும் மோர்த் தண்ணீரில் போடணும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டும் விரலில் கறை ஏறிவிட்டது. ஆய்ந்து நறுக்க முக்கால் மணி நேரம், வாணலியில் கால் மணி நேரம். சாப்பிடுகிறவருக்குத் தெரிவது அந்தக் கால் மணி நேரம்தான். கொண்டைக்கடலை ஊறப் போட்டோமா, பாலுக்கு உறை ஊற்றினோமா, சிலிண்டர் இன்னும் எத்தனை நாள் வரும் என்று படுக்கப் போகும்போதும் ஓடுகிற நினைப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-ல் எடுத்த கணக்கெடுப்பில், சமையல் உட்பட சொந்த வீட்டு வேலைகளைச் சம்பளமில்லாமல் செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் அந்த வேலையில் கை வைத்த ஆண்களின் கணக்கு. அவர்கள் நாலில் ஒருவர்தான்.

"ஏதாவது ஒத்தாசை பண்ணட்டுமா?" என்று கேட்காதீர்கள். என்ன செய்யணும் என்று சொல்லித் தருவதும் அவருக்கு ஒரு வேலைதான். வாரத்து மாவை முழுசாக உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். உளுந்து தீர்ந்துவிட்டதா என்று நீங்களே பார்த்து வாங்குங்கள். நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், நாலு மணி நேரம் ஊறணும். உளுந்தை முதலில் போட்டு, பக்கத்திலேயே நின்று தண்ணீர் தெளித்துத் தெளித்து அரையுங்கள். கல்லை வழித்துக் கழுவிக் கவிழ்த்தால்தான் வேலை முடிந்தது. ஈரோட்டு வெயிலுக்கு மாவு சீக்கிரம் பொங்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள்.