நியூ ஜெர்சி மவுண்ட் டாமனிக்கு முதல்முறை போகிறோம். சிவப்புப் பாதையில் ஏறுவதா, நீலப் பாதையில் ஏறுவதா?

சிவப்பில் ஏறி நீலத்தில் இறங்குங்கள். தயவுசெய்து இதை மாற்றிச் செய்யாதீர்கள்.

டெலவேர் ஆற்றை ஒட்டி நிற்கும் இந்த மலையின் உயரம் 1,527 அடி. கீழிருந்து நீங்கள் ஏற வேண்டியது சுமார் 1,200 அடி. சிவப்புப் பாதை அந்த உயரத்தை ஏறக்குறைய ஒன்றரை மைலில் முடித்துவிடும். நீலப் பாதை இன்னும் கொஞ்சம் நீளம், சரிவும் குறைவு. இரண்டையும் சேர்த்த சுற்றுக்கு நிதானமாக மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த வரிசை? மலையில் பெரும்பாலும் குவார்ட்சைட் என்னும் கடினமான பாறை. லேசில் கரையாது. ஆனால் விரிசலில் இறங்கிய தண்ணீர் குளிரில் உறைந்து விரியும்போது கூர்முனைகளோடு கட்டி கட்டியாகப் பிளந்துவிடும். அதனால் சிவப்புப் பாதையில் செங்குத்தான இடங்களில் பெரிய கட்டிகளும், அவற்றின் மேல் உதிர்ந்த பொடிக்கற்களும்தான் கிடக்கும். ஏறும்போது உடம்பு முன்னே சாய்ந்திருக்கும், அடுத்த படி கண்ணெதிரே தெரியும், கையை ஊன்றலாம். இறங்கும்போதோ முழு எடையும் குதிகாலில் விழும். அடியில் ஒரு பொடிக்கல் உருண்டால் போதும். பலர் நடந்து நடந்து சில பாறைகள் வழவழவென்று ஆகியிருக்கின்றன. பளபளக்கும் இடத்தை விட்டுச் சொரசொரப்பான ஓரத்தில் கால் வையுங்கள். மழை பெய்த மறுநாளும், இலையுதிர் காலத்தில் சருகு மூடிய நாட்களிலும் இது இரட்டிப்பு முக்கியம்.

பாதி தூரத்துக்கு முன்பே ஆறு தெரியும் ஒரு திறந்த இடம் வரும். யாருக்காவது மூச்சு வாங்குகிறது, முட்டி வலிக்கிறது என்றால் அங்கேயே முடிவெடுத்துத் திரும்பிவிடுங்கள். கடினமான பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. கையைப் பிடித்து நடத்த வேண்டிய வயதில் குழந்தைகள் இருந்தால் சிவப்பு வேண்டவே வேண்டாம். நீலத்திலேயே ஏறி இறங்கலாம்.

உச்சிப் பக்கத்தில் எல்லோரும் உட்காரும் பாறைத்தளம் பள்ளத்தாக்கை நோக்கிச் சரிந்திருக்கும். எதிரே பென்சில்வேனியா கரையில் மவுண்ட் மின்சி, நடுவே வளைந்து போகும் ஆறு. அந்தக் காட்சிக்காகவே இவ்வளவு தூரம் ஏறலாம். ஆனால் படம் எடுக்கப் பின்னால் நகராதீர்கள். வெயில் காய காப்பர்ஹெட், ரேட்டில்ஸ்னேக் என்னும் விஷப் பாம்புகள் பாறைகளுக்கு வரும். பார்க்காமல் இடுக்கில் கை விடக்கூடாது.

இறங்க, பாறைத்தளத்திலிருந்து மேலே வந்து முகட்டோடு சிறிது தூரம் நடந்தால், மரங்களிலும் பாறைகளிலும் தீட்டியிருக்கும் நீலக் குறிகள் கீழே திருப்பும். இங்கேதான் பலர் பழக்கத்தில் வந்த வழியிலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறார்கள். குறியின் நிறத்தைப் பார்த்துவிட்டு அடியெடுத்து வையுங்கள். அடியில் டன்ஃபீல்ட் ஓடை வரும். நீரோட்டத்தின் திசையிலேயே போனால் அப்பலாச்சியன் டிரெயில் என்னும் நெடுந்தூர நடைபாதையின் வெள்ளைக் குறிகளோடு சேர்ந்து வாகன நிறுத்தத்தில் கொண்டுவிடும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கணுக்காலைப் பிடிக்கும் பிடிமானமான ஷூ, நீளமான பேன்ட் போதும். வீட்டுக்குப் போனதும் முழங்கால் பின்பக்கம், அக்குள், இடுப்புப் பட்டை ஓரம் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் இந்தப் பகுதியில் சாதாரணம். சூரிய அஸ்தமனம் பார்க்க நினைத்தால் நெற்றி விளக்கு கட்டாயம், கைப்பேசி வெளிச்சம் போதாது.

வார இறுதியில் காலை எட்டு மணிக்கு முன் வந்துவிடுங்கள், வாகன நிறுத்தம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஐ-80 நெடுஞ்சாலையில் மேற்கே வரும்போது வெளிவழியைத் தவறவிட்டால் பாலம் ஏறிப் பென்சில்வேனியாவுக்குப் போய், டோலும் கட்டித் திரும்ப வேண்டியிருக்கும். பாலம் கண்ணில் படுவதற்கு முன்பே வலது லேனுக்கு மாறிவிடுங்கள்.